பாதுகாப்பான நிற்குமிடம்

பாதுகாப்பான நிற்குமிடம் என்பது கால்பந்து விளையாட்டரங்குகளில் பார்வையாளர்கள் போட்டி முழுவதையும் நின்றபடியே பார்ப்பதற்காக, உரிய தடுப்புகளுடனும் ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுடனும் அமைக்கப்படும் பகுதியாகும். இவ்வகைப் பகுதிகள் ஜெர்மனியில் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளன. இங்கிலாந்தில் 1989 ஆம் ஆண்டு ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசல் 97 உயிர்களைப் பறித்தது. அதைத் தொடர்ந்து, நாட்டின் முதல் இரண்டு நிலைகளில் ஆடும் கழகங்களின் அரங்குகளில் நின்று பார்ப்பதற்கான இடங்கள் 1994 ஆம் ஆண்டுக்குள் அகற்றப்பட்டன. ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின்னர், 2022 ஆம் ஆண்டில், கடுமையான நிபந்தனைகளுடன் அவை மீண்டும் அனுமதிக்கப்பட்டன. ஆபத்து நிற்பதில் உள்ளதா, அல்லது ஓரிடத்தில் எத்தனை பேர் விடப்படுகின்றனர் என்பதில் உள்ளதா என்பதே இவ்விடைக்காலத்தில் நடந்த விவாதத்தின் மையம் ஆகும்.

பழைய படிமேடைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் கால்பந்து பெருந்திரளான மக்களை ஈர்க்கத் தொடங்கியபோது, பெரும்பாலான பார்வையாளர்கள் நின்றே ஆட்டத்தைப் பார்த்தனர். மண் மேடுகளிலும், பின்னாளில் கற்காரைப் படிகளிலும் நிற்பதற்கான கட்டணம் மிகக் குறைவு. ஆகவே தொழிலாளர்கள் வாரந்தோறும் கூடும் இடங்களாக இவை விளங்கின. லிவர்பூல் கழகத்தின் அன்ஃபீல்டு அரங்கில் 1906 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட 'கோப்' மேடை இவற்றுள் புகழ் பெற்றது. தென்னாப்பிரிக்காவில் 1900 ஆம் ஆண்டு நடந்த போரில் பல வீரர்கள் மாண்ட ஸ்பியன் கோப் என்னும் குன்றின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது.

இம்மேடைகளில் விபத்துகளும் நிகழ்ந்தன. 1946 இல் போல்டன் நகரின் பர்ன்டன் பார்க் அரங்கில் நெரிசலால் 33 பேர் இறந்தனர். 1971 சனவரி 2 அன்று கிளாஸ்கோ நகரின் ஐபிராக்ஸ் அரங்கில், ஆட்டம் முடிந்து வெளியேறும் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்தனர். இதன் விளைவாக 1975 ஆம் ஆண்டு விளையாட்டு அரங்கப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் 1970களிலும் 1980களிலும் இரசிகர்களிடையே மோதல்கள் பெருகியதால், அதிகாரிகளின் கவனம் கூட்டத்தின் பாதுகாப்பைவிடக் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதிலேயே இருந்தது. படிமேடைகள் கம்பி வேலிகளால் தனித்தனி அடைப்புகளாகப் பிரிக்கப்பட்டன. ஆடுகளத்துக்கும் மேடைக்கும் இடையே உயரமான வேலிகள் எழுப்பப்பட்டன.

நெரிசல் நிகழும் முறை

கூட்ட நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டே இறக்கின்றனர் என்பது பொதுவான கருத்து. உண்மையில் பலர் நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறி இறக்கின்றனர். நான்கு பக்கமும் உடல்கள் அழுத்தும்போது மார்பு விரிய இடமின்றிச் சுவாசம் தடைப்படுகிறது.

இதனைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணி அடர்த்தி ஆகும். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை நிற்கும்போது ஒருவர் தம் விருப்பப்படி ஓரளவு அசைய முடியும். ஆறு அல்லது ஏழு பேரை எட்டும்போது கூட்டம் ஒரு நீர்மத்தைப் போல் இயங்கத் தொடங்குகிறது. பின்புறத்தில் தோன்றும் சிறு தள்ளலும் அலையாகப் பரவி முன்வரிசையைத் தாக்கும். பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரிவதில்லை. எனவே அவர்கள் தொடர்ந்து உள்ளே வருகின்றனர். பிரித்தானியாவின் அரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி, நிற்குமிடங்களில் 10 சதுர மீட்டருக்கு 47 பேர் என்பதை உச்ச வரம்பாகக் கொண்டுள்ளது. தடுப்புகளின் வலிமையும் வெளியேறும் வழிகளும் போதாவிடின் இவ்வரம்பு மேலும் குறைக்கப்படும்.

ஹில்ஸ்பரோ பேரழிவு

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல், நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கழகங்களுக்கு இடையே எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிப் போட்டி நடைபெற்றது. லெப்பிங்ஸ் லேன் பக்கத்துப் படிமேடைக்கு 10,100 லிவர்பூல் இரசிகர்கள் சீட்டு பெற்றிருந்தனர். அவர்கள் அனைவரும் ஏழு சுழற்கதவுகள் வழியாகவே உள்ளே செல்ல வேண்டியிருந்தது. ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்கியபோது கதவுகளுக்கு வெளியே கூட்டம் நெருக்கியடித்தது. ஆட்டத்தின் தொடக்கம் தள்ளி வைக்கப்படவில்லை.

பிற்பகல் 2:52 மணிக்குக் காவல்துறையின் உத்தரவின்பேரில் 'சி' என்னும் வெளியேறும் வாயில் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்தவர்களுக்கு நேரெதிரே இருந்த சுரங்க வழி, ஏற்கெனவே நிரம்பியிருந்த நடு அடைப்புகளான 3, 4 ஆகியவற்றில் சென்று முடிந்தது. சுரங்க வழியை மூடி மக்களைப் பக்கவாட்டு அடைப்புகளுக்குத் திருப்பிவிட எவருக்கும் கட்டளையிடப்படவில்லை. பக்கவாட்டு அடைப்புகளில் இடம் இருந்தது. மூன்றாம் அடைப்பில் தடுப்புக் கம்பி ஒன்று முறிந்து விழுந்தது. முன்னால் இருந்த வேலி தப்பிச் செல்வதைத் தடுத்தது. 3:06 மணிக்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது. அன்று 94 பேர் இறந்தனர். சில நாட்களில் ஒருவரும், 1993 இல் மற்றொருவரும், 2021 இல் இன்னொருவரும் அன்றைய காயங்களின் விளைவாக இறந்தனர்.

இரசிகர்களே வாயிலை உடைத்துக்கொண்டு நுழைந்தனர் என்று காவல்துறைத் தரப்பில் முதலில் கூறப்பட்டது. இது உண்மையன்று. 1991 இல் முடிந்த மரண விசாரணை இவ்விறப்புகளை விபத்து எனக் குறித்தது. இறந்தோரின் குடும்பத்தினர் இதனை ஏற்கவில்லை. அவர்களின் நெடிய போராட்டத்துக்குப் பின், தனித்தியங்கும் குழுவொன்றின் அறிக்கை 2012 இல் வெளியாகி, பழைய தீர்ப்பு நீக்கப்பட்டது. 2016 ஏப்ரல் 26 அன்று புதிய விசாரணையின் ஜூரிகள், இறந்தோர் சட்டத்துக்குப் புறம்பான முறையில் கொல்லப்பட்டனர் என்றும், இரசிகர்களின் நடத்தை பேரழிவுக்குக் காரணமன்று என்றும் தீர்ப்பளித்தனர்.

டெய்லர் அறிக்கையும் தடையும்

பேரழிவை விசாரித்த நீதிபதி டெய்லர் 1989 ஆகஸ்டில் இடைக்கால அறிக்கையையும் 1990 சனவரியில் இறுதி அறிக்கையையும் வெளியிட்டார். காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதே பேரழிவின் முதன்மைக் காரணம் என இடைக்கால அறிக்கை கூறியது. இறுதி அறிக்கையில் 76 பரிந்துரைகள் இருந்தன. பெரிய அரங்குகள் யாவும் இருக்கைகள் மட்டுமே கொண்டவையாக மாற வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நிற்பது தன்னளவிலேயே ஆபத்தானது என்று அவ்வறிக்கை கூறவில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் இருக்கை என்ற ஏற்பாட்டில் எண்ணிக்கை மிகாது என்பதும், கூட்டத்தைக் கண்காணிப்பது எளிது என்பதும் அதன் அடிப்படையாக இருந்தன.

முதல் இரண்டு நிலைக் கழகங்களுக்கு 1994 ஆகஸ்ட் மாதம் காலக்கெடுவாக விதிக்கப்பட்டது. கீழ்நிலைக் கழகங்களுக்கு இவ்விதி 1992 இல் தளர்த்தப்பட்டது. 1994 ஏப்ரல் 30 அன்று அன்ஃபீல்டின் கோப் மேடையில் இரசிகர்கள் கடைசி முறையாக நின்று ஆட்டம் பார்த்தனர்.

ஜெர்மனியின் வழி

ஜெர்மனி நிற்குமிடங்களைக் கைவிடவில்லை. டோர்ட்முண்ட் நகர அரங்கின் தெற்கு மேடை ஐரோப்பாவின் மிகப் பெரிய நின்று பார்க்கும் மேடை ஆகும். உள்நாட்டுப் போட்டிகளின்போது இங்கு 24,454 பேர் நிற்கலாம். கழகத்தின் மஞ்சள் நிறத்தால் இது 'மஞ்சள் சுவர்' என அழைக்கப்படுகிறது. பெர்லின் நகரின் யூனியன் கழகத்தின் பழைய அரங்கில் 22,012 இடங்களுள் 3,617 மட்டுமே இருக்கைகள். இவ்வரங்கின் புதுப்பிப்புப் பணியில் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இரசிகர்களே தன்னார்வலர்களாக உழைத்தனர்.

ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகளுக்கு அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் நெடுங்காலம் வலியுறுத்தி வந்தது. இதனால் ஒரே மேடையை இருவகையாகவும் பயன்படுத்தும் முறைகள் ஜெர்மனியில் உருவாயின. தற்காலிக இருக்கைகளைப் பொருத்துதல், படிகளின் அடியில் மடித்து வைத்தல், தடுப்புக் கம்பியுடன் இணைந்த இருக்கை ஆகியவை அவை. 2022–23 பருவத்தில் அவ்வொன்றியமும் இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி ஆகிய நாடுகளில் சோதனை அடிப்படையில் நிற்பதை அனுமதித்தது.

கம்பி இருக்கை அமைப்பு

பழைய படிமேடைகளில் பல வரிசைகளுக்கு ஒரு தடுப்புக் கம்பியே இருந்தது. ஆதலால் ஒருவர் பல படிகள் முன்னோக்கித் தள்ளப்பட வாய்ப்பிருந்தது. கம்பி இருக்கை அமைப்பில் ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பளவு உயரத்தில் உறுதியான கம்பி தொடர்ச்சியாகச் செல்கிறது. இருக்கை அக்கம்பிச் சட்டத்துக்குள் மடிந்துகொள்கிறது. தள்ளல் ஏற்பட்டாலும் அது அடுத்த வரிசைக்குப் பரவுவதில்லை.

சாதாரண இருக்கைகளுக்கு முன் நிற்பதைவிட இது பாதுகாப்பானது. சாதாரண இருக்கையின் முதுகுப்பகுதி முன்நிற்பவரின் முழங்கால் அளவில் இருப்பதால், கோல் விழும்போது துள்ளும் இரசிகர் அதன் மீது தடுக்கி முன்வரிசையில் இருப்பவர் மேல் விழக்கூடும். இங்கிலாந்தில் தடை இருந்த காலத்திலும் ஆயிரக்கணக்கானோர் இருக்கைகளுக்கு முன் நின்றே ஆட்டத்தைப் பார்த்தனர். தடையால் நிற்பது ஒழியவில்லை என்பதும், அது பொருத்தமற்ற இடங்களுக்கு மாறியது என்பதும் கம்பி இருக்கைகளை ஆதரித்தோரின் வலுவான வாதமாக அமைந்தன.

மீண்டும் அனுமதி

இத்தடைச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. கிளாஸ்கோவின் செல்டிக் கழகம் 2016 ஆம் ஆண்டு கம்பி இருக்கைகளை அமைத்தது. இங்கிலாந்தில் 2018 இல் ஷ்ரூஸ்பெரி டவுன் கழகம் இரசிகர்களின் நன்கொடையைக் கொண்டு இவற்றை முதலில் பொருத்தியது. அதே ஆண்டு தடையை நீக்கக் கோரிய மனுவொன்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைப் பெற்று நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது.

2022 சனவரி முதல் செல்சி, மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட், டோட்டன்ஹாம், கார்டிஃப் சிட்டி ஆகிய ஐந்து கழகங்களில் சோதனை தொடங்கியது. சனவரி 2 அன்று செல்சி அரங்கில் நடந்த செல்சி – லிவர்பூல் போட்டியே அவற்றுள் முதலாவது. 2022–23 பருவம் முதல் நிபந்தனைகளை நிறைவு செய்யும் எக்கழகமும் அனுமதி பெறலாம். முக்கிய நிபந்தனைகள் பின்வருமாறு:

* ஒருவருக்கு ஓர் இடம் என்ற விகிதம் மீறப்படக் கூடாது.
* அமர விரும்புவோர் அமர முடியும்படி, இருக்கைகள் மடித்த நிலையில் பூட்டப்படக் கூடாது.
* பிற பார்வையாளர்களின், குறிப்பாக மாற்றுத் திறனாளிகளின், பார்வை மறைக்கப்படக் கூடாது.
* கண்காணிப்புக் கருவிகளும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் இருக்க வேண்டும்.

அரங்கச் சூழல்

நிற்குமிடங்களை விரும்புவோர் பாதுகாப்புடன் சூழலையும் காரணமாகக் கூறுகின்றனர். நின்றிருப்போர் உரத்துப் பாடுவதும், கைதட்டுவதும், ஒருமித்து அசைவதும் எளிது. ஜெர்மனியில் இரசிகர்களுள் ஒருவர் கூட்டத்தை நோக்கி நின்று ஒலிபெருக்கியுடனும் முரசுடனும் பாடலை வழிநடத்துவது வழக்கம். பழைய மேடைகளில் நண்பர்கள் விரும்பிய இடத்தில் கூடி நின்றனர். எண்ணிட்ட இருக்கைகள் வந்தபின் அவர்கள் பிரிந்து அமர நேர்ந்தது. இங்கிலாந்தில் இருக்கைகளுடன் சீட்டு விலையும் உயர்ந்ததால் இளைஞர்களும் குறைந்த வருவாய் உடையோரும் விலகினர் என்றும் கூறப்படுகிறது. ஜெர்மனியில் நிற்பதற்கான சீட்டின் விலை இன்றும் குறைவாகவே உள்ளது. எனினும் இங்கிலாந்தில் ஒருவருக்கு ஓர் இடம் என்ற விதியால் இடங்கள் கூடுவதில்லை. ஆகவே விலை தானாகக் குறைய வாய்ப்பில்லை.

எதிர்ப்பும் ஏற்பும்

ஹில்ஸ்பரோவில் உறவுகளை இழந்தோரில் பலர் நிற்குமிடங்கள் திரும்புவதை எதிர்த்தனர். ஒருமுறை அனுமதித்தால் காலப்போக்கில் விதிகள் தளரும் என்பது அவர்களின் அச்சம். வேறு சில குடும்பத்தினர் கம்பி இருக்கைகளை ஆதரித்தனர். 2017 இல் லிவர்பூல் இரசிகர் சங்கமொன்று நடத்திய வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் ஆதரவாக வாக்களித்தனர். 2021 இல் அன்ஃபீல்டு அரங்கிலும் கம்பி இருக்கைகள் பொருத்தப்பட்டன.

2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங் மாவட்டத்தில் கஞ்சுருகான் அரங்கில், காவல்துறை கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியதால் மக்கள் வாயில்களை நோக்கி ஓடி, 135 பேர் உயிரிழந்தனர். வாயில்கள், எண்ணிக்கை, பொறுப்பாளர்களின் முடிவுகள் ஆகிய மூன்றும் சரியாக அமையாத அரங்கில், நிற்போருக்கும் அமர்ந்திருப்போருக்கும் ஆபத்து ஒன்றே என்பதை இந்நிகழ்வும் காட்டுகிறது.