சிரையை விட்டுக் கசியும் மருந்து

வீட்டு முற்றத்திலும் கோயில் நந்தவனத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியை அறியாதார் இலர். அதன் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிரிஸ்டின், குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றியமையாத மருந்தாகும். அமெரிக்காவில் 1963-ல் இதற்கு அனுமதி அளிக்கப்பட்டது. சிரையினுள் சென்றால் உயிர் காக்கும் இம்மருந்தே, சிரைக்கு வெளியே கசிந்தால் சதையை அழுகச் செய்யும்.

பெங்களூரின் கிழக்கேயுள்ள ஜீவனஹள்ளியில் வசிக்கும் ஒரு நோயாளி, ஓசூர் சாலையில் 1973-ல் நிறுவப்பட்ட கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்திற்கோ பிறிதொரு மருத்துவமனைக்கோ காலையில் சென்று, மருந்தேற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்புதல் இயல்பு. கசிவின் தீங்கோ அன்றே முழுவதும் புலப்படுவதில்லை. முதலில் எரிச்சலும் வீக்கமும் தோன்றும். சிலருக்கு வலியே இராது. கொப்புளம் சில நாட்களிலும், ஆழ்ந்த புண் சில வாரங்களிலும் வெளிப்படும். ஆகவே அதனை முதலில் காண்பவர் வீடுதோறும் செல்லும் சுகாதார ஊழியராகவோ, மாணவனின் வீங்கிய கையைக் கவனிக்கும் ஆசிரியராகவோ இருத்தல் கூடும்.

வீக்கம் என்றதும் பனிக்கட்டி வைப்பது பலருக்குக் கைப்பழக்கம். இங்கே அது பிழையாகலாம். டாக்சோரூபிசின் என்னும் செந்நிற மருந்து உயிரணுவின் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்வது, அவ்வணு மடிந்ததும் விடுபட்டு, அடுத்த அணுவைச் சென்று பற்றும். புண் வாரக்கணக்கில் விரிவதற்கு இதுவே காரணம். இம்மருந்தைப் பரவவொட்டாமல் ஓரிடத்தில் நிறுத்தக் குளிர் ஒத்தடம் உதவும். மாற்று மருந்தாகிய டெக்ஸ்ராசாக்ஸேனை 6 மணி நேரத்திற்குள், மற்றக் கையின் சிரை வழியே ஏற்றத் தொடங்குதல் வேண்டும். வின்கிரிஸ்டினின் தன்மை வேறு. அது டி.என்.ஏ.வைப் பற்றுவதில்லை; ஆதலின் அதைப் பரவவிட்டு நீர்த்துப்போகச் செய்தலே நன்று. வெதுவெதுப்பான ஒத்தடமும், ஹயலுரானிடேஸ் என்னும் நொதியும் இதற்குரியவை. குளிர் வைப்பின் புண் மிகுமேயன்றிக் குறையாது.

மருத்துவமனையில் கசிவைக் கண்டவுடன் செவிலியர் மருந்தை நிறுத்துவர். ஆனால் ஊசியை உடனே பிடுங்கமாட்டார். அதன் வழியாகவே எஞ்சிய மருந்தை இயன்ற மட்டும் உறிஞ்சி எடுத்த பின்னரே அகற்றுவர். வீங்கிய இடத்தைச் சுற்றி மையால் கோடிட்டுக் கையை உயர்த்தி வைப்பர். மறுநாள் வீக்கம் கோட்டைத் தாண்டியிருப்பின் பரவுகிறதென அறியலாம்.

வீட்டில் காண்பவர் அவ்விடத்தைத் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. நோயாளியின் சிகிச்சைச் சீட்டில் மருந்தின் பெயரையும் ஏற்றிய நாளையும் பார்த்து, அச்சீட்டோடு அவரை அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.