அன்றன்றைய கணக்கை அன்றே முடிப்போம்: மன அழுத்தமும் உடல்நலமும்

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் இன்று தாராளமாகப் புழங்கும் ஆங்கிலச் சொல் 'டென்ஷன்'. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு டென்ஷன். டோம்பிவிலியிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் நசுங்கிப் போகிறவருக்கு டென்ஷன். ஊரில் தனியாக இருக்கும் தாயாரை நினைத்து இல்லத்தரசிக்கு டென்ஷன். என்ன விஷயம் என்று கேட்டால் மட்டும், "ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் டென்ஷன், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்கள். அந்த 'ஒண்ணுமில்லை' உடம்புக்குள் என்னென்ன செய்கிறது, அதை எப்படிச் சமாளிப்பது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மருத்துவன் அல்லன்; பாத்திர வியாபாரி. கடை சாத்தியபின் படித்துத் தெரிந்துகொண்டதை எனக்குத் தெரிந்த வியாபார பாஷையிலேயே எழுதுகிறேன்.

மூன்று சொற்கள், மூன்று விஷயங்கள்

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். டென்ஷன், பிரஷர், டிப்ரெஷன் மூன்றையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

டென்ஷன் என்று நாம் சொல்வது மன அழுத்தம். நெருக்கடி வரும்போது உடலும் மனமும் காட்டும் எதிர்வினை அது. அதுவே நோய் அல்ல. பிரஷர் என்பது இரத்த அழுத்தம், அதாவது இரத்தக் குழாய்ச் சுவர்மேல் இரத்தம் கொடுக்கும் அழுத்தம். மருத்துவர்கள் இதன் மிகுதியை 'ஹைப்பர்டென்ஷன்' என்பதால், நிறைய டென்ஷன் படுகிறவருக்குத்தான் இது வரும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படியல்ல. சாந்தமான மனிதருக்கும் வரும். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் வரும். "இப்போ எனக்கு டென்ஷனே இல்லை" என்று சொல்லி மாத்திரையை நிறுத்துவது இந்தக் குழப்பத்தால் வரும் ஆபத்து. மூன்றாவதான டிப்ரெஷன், மனச்சோர்வு என்னும் நோய். நாளேடுகள் சில சமயம் இதையும் மன அழுத்தம் என்றே எழுதிவிடுவதால் குழப்பம் கூடிவிட்டது. இதைப் பின்னால் பார்ப்போம்.

உடம்பின் அவசர ஏற்பாடு

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன், வலி, பசி, பயம், சினம் இவற்றின்போது உடம்பில் உண்டாகும் மாற்றங்களைப் பற்றி 1915இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆபத்து எதிரே நிற்கும்போது உயிரினம் ஒன்று எதிர்த்து நிற்க வேண்டும், இல்லையென்றால் ஓட வேண்டும். இரண்டுக்கும் உடம்பு ஒரே மாதிரிதான் தயாராகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. கை கால் தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. செரிமானம் மட்டும் ஒதுக்கி வைக்கப்படுகிறது. அதனால்தான் பரீட்சை அன்று பிள்ளைக்கு இட்லி இறங்குவதில்லை, இல்லீங்களா?

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே 1936இல் அடுத்த படியைக் காட்டினார். எலிகளை எந்த வகையில் வதைத்தாலும், அது குளிராகட்டும் காயமாகட்டும் நஞ்சாகட்டும், அவற்றின் உடலில் ஒரே மூன்று விளைவுகளைக் கண்டார். அட்ரினல் சுரப்பி வீங்கியது. நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் வந்தது. முதலில் உடம்பு விழித்துக்கொள்கிறது, பிறகு தாக்குப்பிடிக்கிறது, கடைசியில் களைத்து விழுகிறது என்று அவர் விளக்கினார். 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை மருத்துவத்தில் நிலைநாட்டியவரும் இவரே.

பாக்கி ஏறும்போது

அவசரச் செலவுக்கு கல்லாவில் இருக்கும் ரொக்கத்தை எடுப்பது தவறில்லை. மறுநாள் வியாபாரத்தில் திரும்பி வந்துவிடும். தினமும் அவசரம் என்று எடுத்துக்கொண்டே இருந்தால்? கடன் வாங்க வேண்டும், வட்டி கட்ட வேண்டும். உடம்பின் கதையும் இதுதான். நெருக்கடி நீளும்போது கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் ஓயாமல் வேலை செய்கிறது. தூக்கம் கெடுகிறது, சர்க்கரை ஏறுகிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. இப்படிச் சேர்ந்துகொண்டே போகும் தேய்மானத்துக்கு புரூஸ் மெக்யூவன் என்ற அமெரிக்க அறிஞர் 1993இல் தனியாக ஒரு பெயரே வைத்தார். நாம் அதை 'உடம்பின் பாக்கி' என்று சொல்லலாம்.

பாக்கிக்கு ஆதாரம் உண்டா? உண்டு. 1991இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 394 பேருக்குச் சளிக் கிருமி கலந்த சொட்டு மருந்தை மூக்கில் விட்டார்கள். மன அழுத்தம் அதிகமாக இருந்தவர்களுக்கே அதிகமாகச் சளி பிடித்தது. 1995இல் வந்த இன்னோர் ஆய்வு நம் வீட்டுப் பெண்கள் கட்டாயம் அறிய வேண்டியது. மறதி நோயாளியான உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்த 13 பெண்களுக்கும், அந்தப் பாரம் இல்லாத 13 பெண்களுக்கும் தோலில் ஒரே அளவு சிறு காயம் செய்தார்கள். பராமரிப்பவர்களுக்குக் காயம் ஆற சராசரியாக ஒன்பது நாட்கள் கூடுதலாகப் பிடித்தன. படுக்கையில் கிடக்கும் மாமனாருக்கோ மாமியாருக்கோ இரவு பகலாகப் பணிவிடை செய்யும் மருமகள், "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் வீட்டார் அப்படியே நம்பிவிடக் கூடாது.

இதயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரளத்தில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில், இந்தியா உட்பட 52 நாடுகளில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. மாரடைப்போடு பெரிதும் தொடர்புடைய ஒன்பது காரணிகளில், புகைபிடித்தல், கொழுப்பு, சர்க்கரை நோய் இவற்றோடு மன நெருக்கடியும் இடம் பெற்றது.

ஆனால் எல்லாப் பழியையும் டென்ஷன்மேல் போடுவதும் சரியல்ல. இரைப்பைப் புண்ணுக்குக் கவலைதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பெரும்பாலும் காரணம் ஒரு பாக்டீரியா என்று நிறுவிய மார்ஷல், வாரன் என்ற ஆஸ்திரேலிய அறிஞர்களுக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே வயிற்று வலி என்றால் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

கவலையும் ஒரு தியானம்

வரிக்குதிரையைச் சிங்கம் துரத்துகிறது. தப்பிவிட்டால் சற்று நேரத்தில் அது மறுபடி புல் மேய்கிறது. மனிதன் அப்படி இல்லை. சிங்கம் போனபிறகும் இரவெல்லாம் சிங்கத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைப்புக்கும் உடம்பு அதே அவசர ஏற்பாட்டைச் செய்கிறது. அமெரிக்க அறிஞர் ராபர்ட் சபோல்ஸ்கி 1994இல் எழுதிய நூலில் இதை விரிவாக விளக்கினார்.

இதைப் படித்தபோது எனக்குச் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் நினைவுக்கு வந்தது. தியானம் என்றாலே நல்லது என்று நாம் எண்ணுகிறோம். அந்நூலோ தியானத்தை நான்காகப் பிரித்து, முதலாவதாக 'ஆர்த்த தியானம்' என்பதை வைக்கிறது. துன்பத்திலேயே ஊன்றி நிற்கும் நினைப்பு அது. மனம் ஒன்றிலேயே குவிவதுதான் தியானம் என்றால் கவலையும் தியானம்தானே! இந்த ஆர்த்த தியானமும் நான்கு வகைப்படும். வேண்டாதது வந்து சேர்ந்ததே என்று நினைப்பது ஒன்று. அலுவலகத்து மேலதிகாரி இதில் வருவார். வேண்டியது பிரிந்ததே என்று நினைப்பது இரண்டாவது. ஊரைவிட்டு வந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். நோவையே நினைப்பது மூன்றாவது. நான்காவதற்குப் பெயர் 'நிதானம்'. தமிழில் நிதானம் என்றால் பதற்றமின்மை; சமண வழக்கில் அதற்கு நேர்மாறாக, இனி வர வேண்டிய சுகத்துக்காக ஏங்குவது. பையனுக்கு ஐ.ஐ.டி. இடம், சொந்த ஃபிளாட் என்று ஏங்கித் தூக்கம் தொலைப்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

ஆக, நெருக்கடி வருவது நம் கையில் இல்லை. அதை மறுநாளுக்கு எடுத்துச் செல்வதைக் குறைப்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது.

சமாளிக்கும் வழிகள்

முதலாவது மூச்சு. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் ஐந்து நிமிடம் செய்தால் துடிப்பு தணியும். ரயிலில் நின்றுகொண்டே செய்யலாம்.

இரண்டாவது எழுத்து. நாள்வழியில் எழுதிய தொகையை வியாபாரி மனத்தில் சுமப்பதில்லை. கவலைக்கும் ஒரு நோட்டு வையுங்கள். தினம் மாலையில் கால் மணி நேரம் கவலைகளை எழுதி, நாளைக்குச் செய்யக் கூடியதை எதிரே குறித்து, நோட்டை மூடிவிடுங்கள். படுக்கையில் மறுபடி வந்தால், "நாளை மாலை பார்க்கலாம்" என்று தள்ளி வையுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அறிஞர் 1986இல் கல்லூரி மாணவர்களைத் தம் ஆழ்ந்த மனக்காயங்களை நான்கு நாட்கள், நாளுக்குக் கால் மணி நேரம் எழுத வைத்தார். பிற்பாடு மருத்துவரிடம் போவது அவர்களுக்குக் குறைந்தது.

மூன்றாவது ஒதுக்கிய நேரம். சமணர்கள் 48 நிமிடம் சமநிலையில் அமரும் பழக்கத்தைச் 'சாமாயிகம்' என்பார்கள். நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் ஜெபமோ தொழுகையோ தேவாரமோ, செல்போனைத் தொடாத ஒரு நேரம் போதும்.

நான்காவது மனத்தாங்கலைத் தீர்ப்பது. இங்கே சமணக் குஜராத்திகள் பர்யூஷண முடிவில் 'மிச்சாமி துக்கடம்' என்று சொல்லி ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். வருஷத்துப் பாக்கியை நேர் செய்வது அது. ஊரில் பாகப்பிரிவினையால் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் நம்மில் எத்தனை பேர்!

நடைப்பயிற்சி, நேரத்துக்குத் தூக்கம், நாலு பேரோடு பேச்சு இவை எல்லோரும் அறிந்தவை. தமிழ்ச் சங்கத்துக்கு வருவதும் மருந்துதான். மது, புகையிலை, மருத்துவர் எழுதாத தூக்க மாத்திரை இவை கடனை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்கும் கடன்.

எப்போது மருத்துவரிடம் போவது?

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வியர்வை வந்தால் 'கேஸ்' என்றோ டென்ஷன் என்றோ உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கமின்மை, பசியின்மை, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் இவை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மூச்சுப் பயிற்சி மட்டும் அதற்குப் போதாது. சிகிச்சை உண்டு, குணமும் உண்டு. "செத்துப் போயிடலாம்னு தோணுது" என்று பிள்ளை சொன்னால் விளையாட்டு என்று தள்ளாதீர்கள், திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அரசு சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்கிறது. போலீஸுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் இருப்பதுபோல 'இடுக்கணழியாமை' என்றும் ஓர் அதிகாரம் இருக்கிறது. உடம்பின் துன்பத்துக்கும் மனத்தின் துன்பத்துக்கும் தனித்தனியே இடம் கொடுத்தவர்கள் நம் முன்னோர். எனவே அன்பர்களே, இன்று இரவு சாப்பிட உட்காரும்போது டி.வி.யை அணைத்துவிட்டு, வீட்டில் "ஒண்ணுமில்லை" என்று அடிக்கடி சொல்பவர் யாரோ அவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.