'அர்ச்சிக்கப்படுவதாக' - ஒரு பழைய சொல்லின் பொருள்



நம் தஞ்சைப் பகுதிக் கிராமங்களில் குடும்ப செபத்தின்போது, வயதான தாய்மார் சிலர் பழைய 'பரலோக மந்திரத்தையே' சொல்வதுண்டு. இறைவனின் பெயர் 'போற்றப்பெறுக' என்று நாம் சொல்லும் இடத்தில், அவர்கள் 'அர்ச்சிக்கப்படுவதாக' என்கிறார்கள். "அர்ச்சனை கோயிலில் செய்வதுதானே, பாட்டி?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதே. 'அர்ச்சித்தல்' வடமொழி வழி வந்த வினைச்சொல். போற்றுதல், வழிபடுதல் என்பது அதன் பொருள். அர்ச்சனை, அர்ச்சகர் என்ற சொற்களும் அதே வேரிலிருந்து வந்தவையே. நம் முன்னோர் அச்சொல்லைப் 'புனிதப்படுத்துதல்' என்ற பொருளிலும் வழங்கினர். புனிதர்களை 'அர்ச்சியசிஷ்டவர்கள்' என்று அழைத்தனர். பழைய செபப் புத்தகங்களில் புனிதர் பெயருக்கு முன் 'அர்ச்.' என்று இருப்பது இதன் சுருக்கமே. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962-65) பின்பு வழிபாட்டுத் தமிழ் எளிமையானபோது இச்சொல் மெல்ல மறைந்தது. இதே இடத்தில் ஆங்கிலேயர் சொல்லும் 'ஹாலோ' என்ற பழைய வினைச்சொல்லும் இன்று பெரும்பாலும் செபத்தில்தான் வாழ்கிறது.

கடவுளின் பெயர் ஏற்கெனவே தூயதாயிற்றே, அதை யார் புனிதப்படுத்துவது? விவிலியத்தில் 'தூய' என்பதற்குரிய எபிரேயச் சொல் 'கதோஷ்'. வேறுபிரித்து ஒதுக்கி வைக்கப்பட்டது என்பது அதன் கருத்து. இது உழவர்களாகிய நமக்கு எளிதில் விளங்கும். விதைநெல்லும் மற்ற நெல்லைப் போன்றதுதான். ஆனால் வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாத நாளிலும் விதைநெல்லில் கை வைக்கமாட்டோம். அது தனி. இறைவனின் பெயரும் அப்படித்தான். அதை நம் தேவைக்கெல்லாம் எடுத்துச் செலவழிக்கக் கூடாது.

நாமோ வரப்புத் தகராறிலும் வாய்க்கால் சண்டையிலும் ஆண்டவர் பெயரால் எளிதாகச் சத்தியம் செய்கிறோம். லேவியர் நூல் 19-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். 12-ஆம் வசனம் இறைவனின் பெயரால் பொய்யாணை இடுவதைத் தடுக்கிறது. அடுத்த வசனமே, கூலியாளின் கூலியை விடியும்வரை நிறுத்திவைக்காதே என்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வைக்கும் நாம் கவனிக்க வேண்டிய வரிசை இது. கூலியை நிறுத்திவைத்த கையோடு செபமாலையை எடுத்தால், அந்தப் பெயர் நம்மால் அர்ச்சிக்கப்படுமா?

இன்று மாலை குடும்ப செபத்தில், பழைய சொல்லாயினும் புதிய சொல்லாயினும், பொருள் உணர்ந்து சொல்வோம். யாருக்கேனும் கூலி பாக்கி இருந்தால், அதைக் கொடுத்துவிட்டு வந்து சொல்வோம்.