மலிவு விலைத் தட்டைத்திரைத் தொலைக்காட்சி: தேர்ந்து தெளியும் முறை

முன்னுரை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்நாளில் தொலைக்காட்சிப் பெட்டி என்பது தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தாலே பெரிது. 1982ஆம் ஆண்டு தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது வண்ண ஒளிபரப்பு வந்தது. 2006ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த தமிழக அரசு ஏழை எளியோர் இல்லங்களுக்கும் இலவசமாக வண்ணத் தொலைக்காட்சி வழங்கலாயிற்று. அவையெல்லாம் கண்ணாடிக் குழாய் கொண்ட கனத்த பெட்டிகள். இன்று அவை மறைந்து, சுவரில் படம்போல் மாட்டப்படும் தட்டைத்திரையே எங்கும் காணப்படுகிறது.

இன்று கடைக்குச் செல்வோர் ஒரு குழப்பத்திற்கு ஆளாகின்றனர். ஒரே அளவுள்ள இரண்டு திரைகள் அருகருகே ஒளிர்கின்றன. ஒன்று ஊரறிந்த பெயருடையது; மற்றொன்று அதன் பாதி விலைக்கே கிடைப்பது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. பாதி விலைப் பெட்டி தகுமா, தகாதா? மாத ஊதியத்தில் குடும்பம் நடத்துவோருக்கு இது சிறிய வினாவன்று. ஓராண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை இரண்டாண்டில் இருண்ட திரையாகச் சுவரில் தொங்குமாயின், அவ்விழப்பை ஈடுசெய்ய அவர்களுக்கு வேறு வழியில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் தம் கையை நுழைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூறினார். நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாமே என்று வினவிய பெருமானார், ஏமாற்றுதலை வன்மையாகக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சி, விற்போர்க்கு நேர்மையையும் வாங்குவோர்க்குக் குவியலின் உள்ளே பார்க்கும் விழிப்பையும் ஒருங்கே கற்பிக்கிறது. தொலைக்காட்சியில் உள்ளே பார்ப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பிறப்பும்

சாலிடேர், டயனோரா என்னும் சென்னைப் பெயர்கள் முதியோர் நினைவில் இன்றும் இருக்கும். அக்காலத்தில் பெயரே பொருளுக்குச் சான்றாக விளங்கிற்று. இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. கோடாக், தாம்சன், பிளாபுங்க்ட் ஆகிய அயல்நாட்டுப் பழம்பெயர்களில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த பெட்டிகள், அப்பெயர்களைப் பயன்படுத்த உரிமம் பெற்ற ஓர் இந்திய நிறுவனத்தின் தயாரிப்புகளே. இதில் குற்றமொன்றும் இல்லை. ஆயினும் புகைப்படச் சுருளால் பெற்ற புகழ் தொலைக்காட்சியின் தரத்திற்குச் சான்றாகாது என்பதை உணர்தல் வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தட்டைத்திரையின் அடக்கவிலையில் பெரும்பங்கு திரைப்பலகைக்கே உரியது. உலகில் திரவப் படிகத் திரைகளைச் செய்யும் தொழில் இன்று பெரும்பாலும் சீன ஆலைகளிடம் உள்ளது. சாம்சங் குழுமம் 2022ஆம் ஆண்டிலேயே அத்தகைய திரைகள் செய்வதைக் கைவிட்டது. எல்.ஜி. குழுமத்தின் திரை நிறுவனமும் சீனாவிலிருந்த தன் பெரிய ஆலையைச் சீன நிறுவனம் ஒன்றிற்கு விற்க 2024ஆம் ஆண்டு உடன்பட்டது. எனவே புகழ்பெற்ற பெட்டியும் மலிவுப் பெட்டியும் ஒரே நாட்டு ஆலைகளின் திரையைத் தாங்கியிருத்தல் இயல்பே. பெயரைக் கண்டு மயங்குதல் எவ்வாறு தவறோ, அவ்வாறே பெயரில்லை என்பதற்காக ஒதுக்குதலும் தவறு. திரையின் தரப்பிரிவு, அதன் பின்னுள்ள ஒளியமைப்பு, படத்தைச் சீர்செய்யும் மின்னணுப் பகுதி, பழுதானால் வந்து பார்க்கும் ஏற்பாடு ஆகிய நான்கிலேயே விலையின் வேறுபாடு பெரும்பாலும் அடங்கியுள்ளது.

திரையின் உள்ளமைப்பு

ஆஸ்திரியத் தாவரவியல் அறிஞர் ரெய்னிட்சர் 1888ஆம் ஆண்டு கண்டறிந்த திரவப் படிகமே இத்திரைகளின் அடிப்படை. இப்படிகம் தானே ஒளி தருவதில்லை. பின்னிருந்து வரும் ஒளியைத் தடுத்தும் விடுத்தும் படத்தை உருவாக்குகிறது. சன்னலுக்குப் பின் விளக்கும், முன்னே நுண்ணிய கதவுகளும் உள்ளதாகக் கொள்க. விளக்கு எல்.ஈ.டி.; கதவுகள் திரவப் படிகம். 'எல்.ஈ.டி. டி.வி.' என்று கடைகளில் கூறப்படுவது பின்விளக்கின் பெயரேயன்றித் திரையின் பெயரன்று.

கதவுகள் பொதுவாக இருவகைப்படும். வி.ஏ. எனப்படும் வகை கதவை நன்றாக அடைக்கும். ஆதலின் கருமை ஆழமாக இருக்கும். ஆனால் பக்கவாட்டிலிருந்து நோக்கினால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். எனப்படும் வகையில் பக்கத்திலிருந்து பார்ப்போருக்கும் நிறம் மாறாது. ஆனால் இருட்டறையில் கருமை சாம்பல் நிறமாகத் தோன்றும். கூடம் அகன்று, குடும்பத்தார் பல திசைகளில் அமர்வாராயின் பின்னதும், எதிரே மட்டும் அமர்வாராயின் முன்னதும் ஏற்றவை.

மலிவுப் பெட்டிகள் முதலில் பழுதுபடும் இடம் பின்விளக்கே. விலையைக் குறைக்க வேண்டி விளக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் மிகுதியாக எரியவிடுவர். அவ்விளக்குகள் பட்டையில் வரிசையாக இணைக்கப்பட்டிருத்தலால், ஒன்று செயலிழந்தாலும் அப்பட்டை முழுவதும், சில பெட்டிகளில் திரை முழுவதுமே, இருளக்கூடும். ஒலி கேட்கும், படம் தெரியாது. பட்டையை மாற்றுதல் ஓரளவு செலவில் முடியும். திரைப்பலகையே உடைந்தாலோ, புதிய பெட்டியின் விலையை நெருங்கும் தொகை கேட்பர். வாங்கிய நாள்முதல் பின்விளக்கின் அளவை நடுத்தரமாகக் குறைத்து வைத்தால் பெட்டியின் ஆயுள் நீளும். இதற்குச் செலவேதும் இல்லை.

எண்களின் பொருள்

பெட்டியின் அட்டையில் எண்கள் மலிந்திருக்கும். அவற்றுள் சிலவற்றை ஆராய்வோம்.

அளவு: 32 அங்குலம், 43 அங்குலம் என்பவை திரையின் மூலைவிட்ட அளவுகள். 43 அங்குலத் திரையின் பரப்பு 32 அங்குலத் திரையின் பரப்பைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு. விலையை ஒப்பிடும்போது இதனையும் கருதுதல் வேண்டும்.

புள்ளிகள்: எச்.டி. எனப்படும் திரையில் 1366க்கு 768 என்ற கணக்கில் சற்றேறக்குறைய 10 இலட்சம் புள்ளிகளும், முழு எச்.டி. திரையில் 20 இலட்சத்திற்கு மேலும், 4கே திரையில் ஏறத்தாழ 83 இலட்சமும் உள்ளன. எண் பெருகுந்தோறும் தெளிவு பெருகும் என்பது உண்மையே; ஆனால் கண்ணுக்கும் ஓர் எல்லையுண்டு. நல்ல பார்வையுடையவர் 43 அங்குலத் திரையை 8 அடி தொலைவிலிருந்து காணும்போது முழு எச்.டி. திரைக்கும் 4கே திரைக்கும் புள்ளிகளால் வேறுபாடு காண்பது அரிது. அவ்வேறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டுமாயின் 5 அடிக்கும் குறைவாக நெருங்கி அமர்தல் வேண்டும். எனவே சிற்றறைக்கு 4கே என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் தருதல் தேவையற்றது.

நிறமும் ஒளியும்: 107 கோடி நிறங்கள் என்று விளம்பரம் கூறும். நிறமொன்றுக்கு 1024 படிகள் இருந்தாலே அவ்வெண் கிட்டும். 256 படிகளே உள்ள திரையில் கிடைப்பவை ஏறத்தாழ 1.67 கோடி நிறங்கள். எச்.டி.ஆர். என்ற முத்திரையும் அவ்வாறானதே. அத்தகைய படங்கள் பெரும்பாலும் 1000 நிட் ஒளியளவைக் கருதி உருவாக்கப்படுகின்றன. 250 நிட் ஒளியே தரும் மலிவுத் திரை அப்படத்தை ஏற்றுக்கொள்ளுமேயன்றி அதன் ஒளிச்சிறப்பை வெளிப்படுத்தாது. நிட் அளவை அட்டையில் அச்சிடாத நிறுவனங்கள் பல. விற்பனையாளர் முழங்கும் எண்ணைக் கேட்டுக்கொள்க. அவர் கூறாது விடும் எண்ணைக் கேட்டறிக.

மென்பொருளும் சேவையும்

இக்காலத் தொலைக்காட்சி ஒரு கணினியும் ஆகும். 1 கிகாபைட் நினைவகமும் 8 கிகாபைட் சேமிப்பும் கொண்ட பெட்டி முதல் ஆண்டில் ஒருவாறு இயங்கி, செயலிகள் பெருகியபின் தள்ளாடத் தொடங்கும். மேலும், ஆண்ட்ராய்டு என்று பொதுவாகச் சொல்லப்படும் பெட்டிகளுள் கூகுள் நிறுவனத்தின் சான்று பெற்றவையும் உண்டு, பெறாதவையும் உண்டு. சான்று பெறாதவற்றில் சில திரைப்படச் செயலிகள் இயங்கா. இயங்கினும் தெளிவு குறைந்த படத்தையே தரும். ஆனால் இக்குறை தீராத குறையன்று. மென்பொருள் மூப்படைந்தால், வெளியே பொருத்தும் சிறு கருவியொன்றை எச்.டி.எம்.ஐ. துளையில் செருகிப் புதுவாழ்வு தரலாம். திரை நன்றாயிருந்து மென்பொருள் குறைவாயிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மென்பொருள் நன்றாயிருந்து திரை குறைவாயிருந்தால் செய்வதற்கொன்றுமில்லை.

சேவை பற்றிய வினா ஒன்றே: நம் ஊருக்குப் பழுது நீக்குவோர் வருவரா? உறுதிக்காலம் 1 ஆண்டா, 3 ஆண்டா, அது திரைப்பலகைக்கும் பொருந்துமா என்பதை எழுத்தில் பெறுதல் வேண்டும். இந்தியத் தரநிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவு முறை 2012ஆம் ஆண்டு ஆணையால் ஏற்பட்டது. பெட்டியின் பின்புறம் 'ஆர்' என்னும் எழுத்தை அடுத்து 8 இலக்கங்கள் கொண்ட பதிவெண் இருக்கும். அவ்வமைப்பின் கைப்பேசிச் செயலியில் அவ்வெண்ணை இட்டால் உண்மையான உற்பத்தியாளர் யார் என்பது வெளிப்படும்.

விலையும் தவணையும்

விலையைப் பயன்தரும் ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தலே சரியான கணக்கு. எடுத்துக்காட்டாக, 15,000 ரூபாய்ப் பெட்டி 3 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 5,000 ரூபாய்; 24,000 ரூபாய்ப் பெட்டி 8 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் ஓடும் கூடத்துத் தொலைக்காட்சிக்கு இக்கணக்கு இன்றியமையாதது. 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளின் சரக்கு மற்றும் சேவை வரி 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. பழைய அச்சுவிலையைக் காட்டிப் பெருந்தள்ளுபடி என்று கூறுவோரிடம் இதனை நினைவிற் கொள்க.

தவணை முறையில் நம் சமுதாயத்தார் தனிக்கவனம் கொள்ளுதல் வேண்டும். வட்டியற்ற தவணை என்ற பெயரில், ரொக்கமாகத் தருவோர்க்குரிய தள்ளுபடி மறுக்கப்படுவதுண்டு. அத்தள்ளுபடியே வட்டியாக உள்ளே செல்கிறது. சுழிய வட்டி என்னும் கருத்தே இல்லாத ஒன்று என 2013ஆம் ஆண்டு இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. விற்பவரே காலத்தவணைக்கு ஒரு விலை பேசி முடிப்பதும், இடையில் நிதி நிறுவனம் கடன் தந்து வட்டி கொள்வதும் வெவ்வேறானவை. ஆவணத்தைப் படித்து, ஐயமிருப்பின் மார்க்க அறிஞரிடம் தெளிவு பெற்றபின்னரே கையொப்பமிடுதல் நன்று.

கடையில் செய்யத்தக்க சோதனை

கடையில் ஓடும் படம் நிறுவனத்தார் தேர்ந்தெடுத்த பளபளப்பான படம். அமைப்பும் மிகையொளியில் இருக்கும். அதனை இயல்பு நிலைக்கு மாற்றச் சொல்க. சாதாரணச் செய்தி அலைவரிசை ஒன்றைக் காட்டச் சொல்க. முகத்தின் நிறம் இயற்கையாக உள்ளதா என நோக்குக. வெண்மை, கருமை, சாம்பல், சிவப்பு ஆகிய வெற்று நிறப்படங்களைச் சிறு நினைவகத்தில் கொண்டு சென்றால், இறந்த புள்ளிகளும் ஒளித்திட்டுகளும் அவற்றில் புலப்படும். இரவுக் காட்சியில் மூலைகள் வெளுக்கின்றனவா, பக்கத்தில் நின்றால் நிறம் மாறுகிறதா, ஓடும் எழுத்துகள் மங்குகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். இவையனைத்திற்கும் 15 மணித்துளிகள் போதும்.

வாங்கியபின் குறை தோன்றி, விற்றவர் செவிசாய்க்காவிடின், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம்; 5 இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமில்லை. ஆனால் முறையான விலைச்சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் சில நூறு ரூபாய் குறைத்துத் தருவதை ஏற்பவர் தம் உரிமையை அவ்விலைக்கு விற்றவராவார்.

முடிவுரை

படுக்கையறைக்கோ, மாணவர் விடுதிக்கோ, நாளுக்கு ஓரிரு மணி நேரம் செய்தி காண்பதற்கோ 32 அங்குல மலிவுப் பெட்டி போதுமானது. ஊரில் சேவை உண்டெனில் தயங்க வேண்டியதில்லை. குடும்பத்தார் அனைவரும் நாள்முழுதும் பார்க்கும் கூடத்திற்கோ, ஒரு படி உயர்ந்த பின்விளக்கும் 3 ஆண்டு உறுதியும் உள்ள பெட்டியே இறுதியில் மலிவானது. பிறர் வீட்டுத் திரையினும் நம் வீட்டுத் திரை பெரிதாக வேண்டும் என்னும் எண்ணத்தில் வாங்குவது எவ்விலையிலும் வீண்விரயமே.

வள்ளுவர் தெரிந்து தெளிதல் என்றோர் அதிகாரம் வகுத்தார். ஆளைத் தேர்வதற்கு அவர் கூறிய நெறி பொருளைத் தேர்வதற்கும் பொருந்தும். ஆராய்ந்த பின் வாங்குக. வாங்கிய பின் அமைதி கொள்க. நம் மாணவருள் பலர் நாளை மின்னணுப் பொருள் வணிகத்தில் ஈடுபடக்கூடும். திரையின் நிட் அளவையும் உறுதியின் எல்லையையும் கேளாமலே எடுத்துரைக்கும் வணிகர் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் உருவாவாராயின், இத்தகைய கட்டுரைகளுக்கே தேவை இராது.