லேண்ட்லைன், கேபிள் பில்லைக் குறைக்கணுமா? வடசென்னை வீடுகள் இணைப்பைத் துண்டிக்கும் முன் பார்க்க வேண்டியவை

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் பல பழைய வீடுகளில் மாசம் மூன்று வழியில் பணம் போகிறது. லேண்ட்லைனுக்கு ஒரு பில், கேபிள்காரருக்கு ஒரு தொகை, அது போக வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் மொபைல் ரீசார்ஜ். "அந்த போன்ல யாருமே பேசறது இல்ல, எதுக்கு பில்லு கட்டிக்கிட்டு இருக்கோம்?" என்ற பேச்சு எழாத வீடு குறைவு.

கேள்வி நியாயமானதுதான். சரியாக மாறினால் வருடத்துக்குச் சில ஆயிரங்கள் மிச்சமாகும். ஆனால் துறைமுகம், அனல்மின் நிலையங்கள், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை என எல்லாம் சூழ்ந்த இந்தப் பகுதியில், போன் இணைப்பைத் துண்டிப்பது வெறும் பணக் கணக்கு மட்டும் அல்ல. எதற்கு மாறலாம், எவ்வளவு மிச்சம், பதிலுக்கு எதை இழக்கிறோம்? பார்க்கலாம்.

லேண்ட்லைன் ஏன் ஓய்ந்தது?

சென்னையின் முதல் தொலைபேசி இணைப்பகம் 1882-ல் தொடங்கியது ஜார்ஜ் டவுனில் உள்ள எர்ரபாலு செட்டி தெருவில்தான். ராயபுரத்தில் இருந்து நடந்து போகும் தூரம். அந்த வகையில் வடசென்னை, போனுக்குப் பழைய சொந்தம்.

2006-ம் ஆண்டு வாக்கில் இந்தியா முழுக்கச் சுமார் 5 கோடி லேண்ட்லைன் இணைப்புகள் இருந்தன. 2020-ல் அது சுமார் 2 கோடியாகச் சுருங்கியது. பிறகு எண்ணிக்கை மறுபடி 3 கோடியைத் தாண்டியது. காரணம் பழைய செப்புக் கம்பி அல்ல, வீட்டுக்கு வீடு வந்த பைபர். பைபர் இணைப்போடு சேர்த்துத் தரப்படும் வீட்டு போனும் இந்தக் கணக்கில் வருகிறது.

செப்புக் கம்பியின் பிரச்சினை தெருவிலேயே தெரியும். மெட்ரோ, மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய் என எதற்குச் சாலையைத் தோண்டினாலும் கேபிள் அறுபடும். மழைநீர் இறங்கினால் போனில் கரகர சத்தம். பழுது பார்க்கும் செலவு கூடக்கூட, நிறுவனங்களும் வாடிக்கையாளர்களை பைபருக்கு மாற்றவே விரும்புகின்றன.

முதலில் பில்லை மூன்றாகப் பிரியுங்கள்

எந்த பிளான் மலிவு என்று தேடுவதற்கு முன், வீட்டில் உண்மையில் எது தேவை என்று பார்க்க வேண்டும். பேசுவது, நெட், டிவி என மூன்றையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். மூன்றும் ஒரே பேக்கேஜில் வந்தால் மலிவு என்று தோன்றும். ஆனால் அதில் ஒன்றைப் பயன்படுத்தவே இல்லை என்றால் அந்தப் பணம் வீண்.

பேச மட்டும் போன் போதும் என்றால்?

வீட்டில் வயதான அம்மா மட்டும் இருக்கிறார், நெட் தேவையில்லை, போன் வந்தால் எடுத்துப் பேசினால் போதும் என்ற நிலைமை நிறைய வீடுகளில் உண்டு. இவர்களுக்காகவே ஒரு விதி வந்திருக்கிறது.

டேட்டா இல்லாமல், பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டும் தனி ரீசார்ஜ் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அதன்படி 2025 ஜனவரியில் ஜியோ 448 ரூபாய்க்கும், ஏர்டெல் 469 ரூபாய்க்கும் 84 நாள் பேக்குகளைக் கொண்டுவந்தன. 448 ரூபாய் பேக்கை வருடக் கணக்காகப் பார்த்தால் மாசத்துக்குச் சுமார் 162 ரூபாய். மொபைல் ரீசார்ஜ் விலையில் வரியும் அடக்கம்.

இதற்கு ஸ்மார்ட்போன் தேவையில்லை. பெரிய பட்டன் உள்ள சாதாரண 4ஜி போன் போதும். ஒரே நிபந்தனை, வீட்டுக்குள் சிக்னல் சரியாக இருக்க வேண்டும். நெருக்கமான சந்துகளில் கீழ்த்தள வீடு என்றால், பக்கத்து வீட்டுக்காரர் எந்த சிம் வைத்திருக்கிறார், வீட்டுக்குள் எடுக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

நெட்டும் வேண்டும் என்றால்?

பைபர்தான் வழி. இதில் வீட்டு போனும் கூடவே வருகிறது. அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. பழைய போன் கருவியையே மோடத்தில் செருகிப் பேசலாம்.

விளம்பரத்தில் வரும் விலையை அப்படியே நம்ப வேண்டாம். பைபர் பிளான்களுக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஜியோபைபரின் 30 எம்பிபிஎஸ் பிளான் 399 ரூபாய் என்றால், கையில் இருந்து போவது 470.82 ரூபாய். 2023 செப்டம்பரில் சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் தொடங்கிய ஜியோ ஏர்பைபரில், 550-க்கும் மேற்பட்ட டிவி சேனல்களோடு 599 ரூபாய் பிளான் வந்தது. வரியோடு அது 706.82 ரூபாய். பிஎஸ்என்எல், ஏர்டெல் நிறுவனங்களிலும் இதே அளவில் பிளான்கள் இருக்கின்றன. விலை அடிக்கடி மாறும் என்பதால் சேரும் நாளில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. எல்லாத் தெருவிலும் எல்லா நிறுவனமும் இல்லை. பிஎஸ்என்எல் பைபர் பல இடங்களில் உள்ளூர்ப் பங்குதாரர்கள் மூலமாகத்தான் வருகிறது. அவர்களில் கேபிள் ஆபரேட்டர்களும் உண்டு. அதனால் பிளானைப் பார்ப்பதை விட, பழுது என்றால் யார் வந்து நிற்பார் என்று விசாரிப்பது முக்கியம். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிள் ஒரு கன்டெய்னர் லாரியில் சிக்கினாலும் தெருவே நெட் இல்லாமல் நிற்கும்.

டிவிக்கு கேபிளா, டிஷ்ஷா, ஆப்பா?

கேபிள் என்றால்: டிராய் 2019-ல் கொண்டுவந்த முறையில், 100 சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், வரியோடு 153.40 ரூபாய் என்று இருந்தது. 2020-ல் அதே பணத்துக்கு 200 சேனல்கள் என்று மாறியது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே டிராய் எடுத்துவிட்டது. ஆக, இப்போது கட்டணம் ஆபரேட்டரைப் பொறுத்து மாறும். 2011-ல் மாசம் 70 ரூபாய்க்குத் தொடங்கிய அரசு கேபிளின் கட்டணம், 2019 ஆகஸ்டில் 130 ரூபாயாகவும் அதற்கு மேல் ஜிஎஸ்டியாகவும் குறைக்கப்பட்டது.

கேபிளையே வைத்துக்கொண்டும் செலவைக் குறைக்கலாம். "மொத்த பேக்" என்று சொல்வதை அப்படியே ஏற்காமல், எந்தெந்தக் கட்டணச் சேனல் வீட்டில் ஓடுகிறது என்று எழுதிக்கொடுங்கள். இலவசச் சேனல்களோடு அதை மட்டும் கேளுங்கள். பில் கேட்பது உங்கள் உரிமை.

டிடி ப்ரீ டிஷ்: பிரசார் பாரதியின் இந்தச் சேவை 2004 டிசம்பரில் இருந்து இருக்கிறது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கும் செலவோடு சரி, மாதக் கட்டணம் கிடையாது. டிடி தமிழ் வரும். ஆனால் தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்களில் பெரும்பகுதி இதில் கிடைக்காது. மெகா சீரியல் பார்க்கும் வீட்டுக்கு இது மட்டும் போதாது. கடலோரத் தெருக்களில் உப்புக்காற்றுக்கு டிஷ் ஸ்டாண்டும் இணைப்புகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆப்: பைபர் இருந்தால் தமிழ் செய்திச் சேனல்களை யூடியூபில் நேரலையாக இலவசமாகப் பார்க்கலாம். பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் ஆப்பிலும் நேரலைச் சேனல்கள் உண்டு. சீரியலுக்கு சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார், ஜீ5 என்று போனால் ஒவ்வொன்றுக்கும் சந்தா. இரண்டு மூன்று சேர்ந்தால் கேபிள் கட்டணத்தையே தொட்டுவிடும். ஸ்மார்ட் டிவி இல்லை என்றால் எச்டிஎம்ஐ துளை உள்ள டிவியும் ஒரு ஸ்டிக்கும் வேண்டும். பழைய குண்டு டிவி உள்ள வீட்டுக்கு கேபிளோ டிஷ்ஷோதான் லாபம்.

கணக்கு போட்டால் எவ்வளவு மிச்சம்?

உதாரணத்துக்கு, லேண்ட்லைனும் பழைய பிராட்பேண்டும் சேர்த்து 650 ரூபாய், கேபிளுக்கு 250 ரூபாய் என மாசம் 900 ரூபாய் கட்டும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம்.

• 399 ரூபாய் பைபர், டிவிக்கு இலவச ஆப்கள் மட்டும்: மாசம் 471. வருட மிச்சம் சுமார் 5,150 ரூபாய்.

• சேனல்களோடு 599 ரூபாய் பிளான், கேபிள் நிறுத்தம்: மாசம் 707. வருட மிச்சம் சுமார் 2,300 ரூபாய்.

• நெட்டை ஏற்கெனவே மொபைலில் பார்க்கிறார்கள், வீட்டு போனுக்குப் பதில் பேச மட்டும் சிம், கேபிள் அப்படியே: மாசம் 412. வருட மிச்சம் சுமார் 5,850 ரூபாய்.

இன்ஸ்டலேஷன் கட்டணம், ஆறு மாச முன்பணம், ஸ்டிக் விலை ஆகியவை இருந்தால் முதல் வருட மிச்சத்தில் இருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

கரன்ட் போனால் போன் பேசுமா?

இதுதான் வடசென்னை வீடுகள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

செப்புக் கம்பி லேண்ட்லைனுக்கு மின்சாரம் வருவது இணைப்பகத்தில் உள்ள பேட்டரியில் இருந்து. அதனால் வீட்டில் கரன்ட் இல்லாவிட்டாலும் சாதாரண போன் வேலை செய்யும். கார்ட்லெஸ் போன் மட்டும் செய்யாது, அதன் அடிப்பகுதிக்குக் கரன்ட் வேண்டும். பைபர் கம்பியில் ஒளி மட்டும்தான் வரும், மின்சாரம் வராது. வீட்டு மோடம் அணைந்தால் நெட், போன், டிவி மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும்.

2023 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதே வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய்ப் படலம். டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறலோடு மக்கள் தூக்கத்தில் இருந்து எழுந்து ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்த மாதிரி இரவில் 108-க்கோ, அடுத்த தெருவில் உள்ள சொந்தத்துக்கோ ஒரு அழைப்பு போய்ச் சேர்வது உயிர்ப் பிரச்சினை.

இதற்காக, பழுதாகிக் கிடக்கும் லேண்ட்லைனுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. வெள்ளத்தில் செப்புக் கம்பியும் செத்துப்போகும். இரண்டு ஏற்பாடுகள் போதும். ஒன்று, மோடத்துக்கு ஒரு சின்ன யூபிஎஸ். மோடம் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுக்குப் பொருந்துவதாக வாங்கினால் சில மணி நேரம் தாங்கும். இரண்டு, பைபர் எந்த நிறுவனமோ, வீட்டில் ஒரு சிம்மாவது வேறு நிறுவனத்துடையதாக இருக்கட்டும். ஒன்று முடங்கினாலும் இன்னொன்று பேசும்.

பழைய நம்பர் என்ன ஆகும்?

044-25 என்று தொடங்கும் வடசென்னை நம்பர் பல வீடுகளுக்கு 20, 30 வருட அடையாளம். கப்பல் வேலைக்குப் போனவர், வளைகுடாவில் இருப்பவர், ஊரில் உள்ள பெரியவர்கள் என எல்லோருக்கும் மனப்பாடமான நம்பர் அதுதான்.

மொபைல் நம்பரை 2011 ஜனவரியில் இருந்து நாடு முழுக்க வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள முடிகிறது. லேண்ட்லைனுக்கு அந்த வசதி இல்லை. பிஎஸ்என்எல் லேண்ட்லைனை சரண்டர் செய்து வேறு நிறுவனத்துக்குப் போனால் நம்பர் போய்விடும். நம்பர் முக்கியம் என்றால், அதே நம்பரோடு பிஎஸ்என்எல் பைபருக்கு மாறும் வசதியைக் கேட்டு, உறுதி செய்துகொண்ட பிறகு விண்ணப்பிக்க வேண்டும்.

எந்த வரிசையில் மாறுவது?

1. புதிய இணைப்பு வந்து, ஒரு பில் காலம் ஓடட்டும். அதுவரை பழையதைத் துண்டிக்க வேண்டாம்.

2. கேஸ் ஏஜென்சி, வங்கி, மருத்துவமனை, சொந்தங்கள் என லேண்ட்லைன் நம்பர் கொடுத்த இடங்களில் எல்லாம் மொபைல் நம்பரை மாற்றுங்கள்.

3. லேண்ட்லைனை நிறுத்த எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பில் கட்டாமல் விட்டால் தானாக நின்றுவிடும் என்று இருந்தால் பாக்கி ஏறும்.

4. இணைப்பு வாங்கியபோது கட்டிய டெபாசிட், பாக்கி போக உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணம். பழைய ரசீது, பில் நகலோடு கேளுங்கள்.

5. அரசு கேபிள் பாக்ஸ் இலவசமாகக் கொடுக்கப்பட்டது, அது உங்கள் சொத்து அல்ல. ரிமோட்டோடு ஆபரேட்டரிடம் ஒப்படைத்து, வாங்கிக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். ஒரு ஆபரேட்டரின் பாக்ஸ் இன்னொருவரிடம் வேலை செய்யாது.

6. கடைசியாக ஒரு சோதனை. ஒரு நாள் மாலை வீட்டு மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, புதிய இணைப்பில் இருந்து ஒரு போன் போட்டுப் பாருங்கள். மணி அடித்தால், பழைய லேண்ட்லைனை நிம்மதியாக சரண்டர் செய்யலாம்.