உரிமம் சொல்வது என்ன?

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இன்று அச்சட்டம் கணினி நிரலையும் ஓர் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது! கதையைப் போலவே நிரலையும் உரியவரின் இசைவின்றிப் படியெடுத்து வழங்குதல் கூடாது. அவ்விசைவை நிபந்தனைகளுடன் எழுத்தில் தருவதே உரிமம் ஆகும்.

விலைக்கு வாங்கும் மென்பொருள்கள் பலவற்றை, உரிமம் குறிக்கும் எண்ணிக்கையிலான கணினிகளில் மட்டுமே நிறுவலாம். பள்ளியில் கற்றதை வீட்டில் பயில விரும்பும் மாணவர் மீண்டும் பணம் செலுத்த நேரிடும். இயலாதவருக்குப் பயிற்சி வகுப்பறையோடு நின்றுவிடும்.

கட்டற்ற மென்பொருளின் உரிமம் வேறு வகையானது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் குழப்பம் நேர்கிறது. தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. இலவசமாகக் கிடைக்கும் செயலிகள் எல்லாம் கட்டற்றவை அல்ல. பயன்படுத்தவும், மூல நிரலைப் படித்தறியவும், திருத்தவும், பகிரவும் இசைவு தருவதே கட்டற்ற மென்பொருள்.

சிறுவர்கள் படம் வரைவதற்கான 'டக்ஸ் பெயிண்ட்' என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2002ஆம் ஆண்டில் பில் கென்ட்ரிக் என்பவர் தொடங்கிய இது, குனூ பொது உரிமத்தின்கீழ் வெளிவருகிறது. இதனைப் பாடத்தில் சேர்க்க விரும்பும் ஆசிரியர் எவரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. மாணவர் அனைவருக்கும் படி கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். திருத்தும் உரிமை அனைவருக்கும் உள்ளதால் ஆர்வலர்கள் இதனைத் தமிழாக்கியும் உள்ளனர். தில்லியிலோ புணேவிலோ வளரும் குழந்தையும் இதன் கருவிகளின் பெயர்களைத் தமிழில் காணலாம்.

உரிமையோடு கடமையும் உண்டு. ஆசிரியர் மென்பொருளைத் திருத்தித் தம் ஆய்வகத்தில் மட்டும் பயன்படுத்தினால், அத்திருத்தத்தை வெளியிட வேண்டியதில்லை. பிறருக்கு வழங்கும்போதுதான் கடமை தொடங்குகிறது. மூல நிரல் பெறுபவருக்குக் கிடைக்க வேண்டும். முன்னவர்களின் பதிப்புரிமைக் குறிப்பை நீக்கலாகாது. திருத்தியிருந்தால் அதனைக் குறிப்பிட வேண்டும். திருத்திய வடிவமும் அதே உரிமத்திலேயே செல்ல வேண்டும். விலைக்கு விற்பதற்குத் தடையில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஆயினும், வாங்கியவர் அதனைப் பிறருக்கு வழங்குவதை விற்றவர் தடுக்க இயலாது.

எல்லா உரிமங்களும் இத்துணைக் கண்டிப்பானவை அல்ல. எம்.ஐ.டி. உரிமம், பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் காத்தால் போதும் என்கிறது.

பாடநூல் செய்வோர் பெரும்பாலும் மறக்கும் செய்தி ஒன்று உண்டு. மென்பொருளின் உரிமம் வேறு, அதனைக் கற்பிக்கும் பாடத்தின் உரிமம் வேறு. மென்பொருள் கட்டற்றதாக இருப்பினும், அதன் விளக்க நூலைப் படியெடுக்கத் தடை இருக்கலாம். மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுட்டோரியல்' காணொளிப் பாடங்கள் பல தமிழிலும் உள்ளன. அவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்படுவதால், உருவாக்கியோரைக் குறிப்பிட்டு அவற்றைப் பகிரலாம்.

நீங்கள் டக்ஸ் பெயிண்டில் சொந்தமாக ஒரு யானை வரைந்தால் அது யாருக்கு உரியது? குனூ உரிமம் நிரலைப் பற்றியது மட்டுமே. யானை உங்களுடையது.