எயார் பில்டரில் மிச்சம் பிடித்தால் எஞ்சினில் இழக்க நேரிடும்

வியாபாரிகளான நமக்கு வாகனம் என்பது இரண்டாவது கடை. அது கராஜில் நின்றால் அன்றைய வியாபாரமும் நின்றுவிடும். ஆனாலும் டயருக்கும் ஒயிலுக்கும் காட்டும் அக்கறையை எயார் பில்டருக்கு நம்மில் பலர் காட்டுவதில்லை.

ஒரு லீற்றர் பெற்றோல் முறையாக எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று தேவை. அவ்வளவு காற்றும் அந்தக் கடதாசி மடிப்புகளின் ஊடாகவே எஞ்சினுக்குள் போகிறது. நமது கிரவல் வீதிகளில் ஓடும் வாகனம் எவ்வளவு தூசியை இழுக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் கிராமச் சந்தைகளுக்குச் சாமான் ஏற்றிய எனது டீசல் வேன் ஒயில் குடிக்கத் தொடங்கியது. நீல நிறப் புகையும் வந்தது. மெக்கானிக் பில்டரைக் கழற்றி பல்ப் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு மடிப்பில் சிறு கிழிசல்.

“இது பில்டரில்ல முதலாளி, அரிதட்டு” என்றார்.

புது பில்டர் எதற்கென்று கிழமைக்கொரு தடவை காற்றடித்துப் பூட்டச் சொன்னவன் நான்தான். பலமான காற்றில் கடதாசி கிழிந்து, தூசி உள்ளே போய், பிஸ்டன் றிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன. எஞ்சின் வேலைக்குக் கொடுத்த பணத்தில் அந்த வேனின் ஆயுள் முழுவதற்கும் பில்டர் வாங்கியிருக்கலாம்.

அப்படியானால் எப்போது மாற்றுவது? சாதாரண பாதையில் ஓடும் கார்களுக்குப் பல கம்பனிகள் 20,000 முதல் 40,000 கிலோமீற்றர் வரை சொல்கின்றன. உங்கள் வாகனத்தின் கைநூலில் உள்ள கணக்கையே பின்பற்றுங்கள். தூசிப் பாதையில் ஓடுவதானால் அதில் பாதியிலேயே மாற்றுவது நல்லது. ஒவ்வொரு ஒயில் சேர்விஸிலும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கிழிசல், ஈரம், ஒயில் கறை, வெடித்த றப்பர் விளிம்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அதை வீசிவிடுங்கள். கடதாசி பில்டரைக் கழுவவே கூடாது.

அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பில்டர் அடைபட்டால் டீசல் வாகனம் கறுப்புப் புகை விடும், ஏற்றத்தில் இழுக்காது. 2008 முதல் நடைமுறையிலுள்ள புகைப் பரிசோதனையிலும் இது தொல்லை தரும். புதிய பெற்றோல் கார்களிலோ குறையும் காற்றுக்கு ஏற்ப எஞ்சினின் கம்பியூட்டரே பெற்றோலைக் குறைத்துவிடுகிறது. அதனால் இழுவை குறையுமே தவிர, பெற்றோல் செலவில் பெரிய வித்தியாசம் தெரியாது. கிழிந்த பில்டரோ எந்த அறிகுறியும் காட்டாமலே எஞ்சினைத் தின்றுவிடும்.

அதற்காக நாளுக்கு நாள் திறந்து பார்ப்பதும் தவறு. திறக்கும் ஒவ்வொரு முறையும் பெட்டியில் கிடக்கும் தூசி உள்ளே விழ வாய்ப்புண்டு.

பஞ்சிகாவத்தைக்குப் போனால் பல விலைகளில் பில்டர் கிடைக்கும். விலையை மட்டும் பார்க்காமல் பழையதையும் கையோடு கொண்டு போங்கள். அளவு, மடிப்புகளின் எண்ணிக்கை, றப்பர் விளிம்பு மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். விளிம்பு சரியாகப் பொருந்தாவிட்டால் புது பில்டராலும் பயனில்லை.

மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் பில்டர் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். கடைக்குக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் நாம் வாகனத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன? நான் ஒதுக்கியிருக்கிறேன், ஒரு எஞ்சினைப் பறிகொடுத்த பிறகு. நீங்கள் அதற்கு முன்னரே தொடங்கிவிடுங்கள்.